செம்பூருக்குப் போன தூக்குச்சட்டி

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வீட்டுப் படி இறங்கினோம், நானும் என் மருமகள் செல்வியும். தாராவியிலிருந்து செம்பூர் ஒன்றும் காசி இல்லை. பஸ், ரயில், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். ஆனாலும் எங்கள் சந்தில் பாதிப் பெண்கள் மாட்டுங்காவுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

போன காரியம் இதுதான். என் தங்கை சொர்ணம் செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தில் முதல் மாடியில் இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் மஸ்கட்டில். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். மற்ற குடித்தனக்காரர்கள் எல்லோரும் மழைக்கு முன்னாலேயே காலி செய்துவிட்டார்கள். மகனும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். இவள் மட்டும் நகர மாட்டேன் என்கிறாள். திங்கட்கிழமை தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை இடிக்க ஆள் வரும். இரண்டு தடவை கூப்பிடப் போய் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். நான் கூப்பிட்டு வராதவர்கள் குறைவு. இந்தத் தடவை அவளைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

ஏன் வரமாட்டாள் என்றால், அதற்கு அவள் சொல்லும் காரணம் கேட்க நன்றாக இல்லை.

அவளுக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒரு மராத்திக்காரக் குடும்பம் இருந்தது. அந்த அம்மாளைத் தாயி என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம். முப்பது வருஷமாக இவளும் தாயியும் சமைத்ததை ஏனத்தில் போட்டு மாற்றிக்கொள்வார்கள். இவள் புட்டு செய்தால் ஒரு தூக்கில் மேலே போகும். அந்தத் தூக்கு வெறுமனே திரும்பாது. சேப்பங்கிழங்கு இலையோ, கொஞ்சம் வேர்க்கடலையோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசியோ போட்டுத்தான் கழுவின ஏனம் கீழே வரும். நம் பக்கத்திலும் அதுதானே வழக்கம். வெறும் ஏனத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

அந்தத் தாயி தை மாதம் அம்பர்நாத்தில் மகன் வீட்டில் இறந்துபோனாள். சொர்ணம் போய் அழுதுவிட்டு வந்தாள். நானும் போயிருந்தேன். போட்டு எரித்ததைப் பார்த்தவர்கள் நாங்கள்.

போன வாரம் சொர்ணம் போனில் சொன்னது இது:

"யக்கா, மேல நடமாட்டம் கேக்குது. நான் சோறு வைக்கேன். ஏனம் திரும்பி வருதுக்கா. நிறைஞ்சு வருது. எப்படி விட்டுட்டு வர?"

என் தூக்குச்சட்டியில் உளுந்தங்களி உருட்டி எடுத்துக்கொண்டேன். கருப்பட்டி ஊரிலிருந்து வந்தது, நல்லெண்ணெய் தாராளம். சொர்ணத்துக்குச் சின்ன வயசிலிருந்து அது பிடிக்கும். தூக்கின் மேல் பேச்சியம்மாள் என்று புள்ளி வைத்து என் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டில் கரண்டிக்குக்கூடப் பெயர் உண்டு. என் ஏனம் வெளியே போய் மூன்றாம் நாள் திரும்பாவிட்டால் நானே போய்க் கதவைத் தட்டிவிடுவேன். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எட்டு மணி, மாட்டுங்கா. பஸ்ஸுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். ஆட்டோவில் போகலாமே என்று கேட்காதீர்கள், சயானுக்குத் தெற்கே ஆட்டோ விடமாட்டார்கள், டாக்ஸிதான். மார்க்கெட்டில் பூவாசமும் காப்பி வறுக்கும் வாசமும் சேர்ந்து மழைக்காற்றில் நின்றது. வாழையிலை ஒன்று பத்து ரூபாய் என்றாள் இலைக்காரி.

"எத்தன பேருக்கு ஆச்சி?"

"மூணு பேரு."

அவள் நாலு இலை வைத்து மடித்தாள். மூன்றுதான் கேட்டேன் என்றேன்.

"நாலுன்னுதான எனக்குக் கேட்டுச்சு. இருக்கட்டும், அது சும்மா வச்சுக்கோங்க."

காசு வாங்கவில்லை. மாட்டுங்காவில் சும்மா கொடுத்து நான் பார்த்ததே இல்லை. செல்வி சிரித்தாள்.

"அத்தே, நாலாவது இலை யாருக்குன்னு தெரியுதா? மேல் மாடிக்கு!"

"ஏளா, வாயைக் கழுவு" என்றேன். சின்ன வெங்காயம், முருங்கைக்காய், கத்தரிக்காய், ஒரு மாங்காய் வாங்கினோம். ஏனமெல்லாம் மூட்டை கட்டுகிற நாளில் ஒரே சட்டியில் முடிகிற சமையல்தான் சரி என்று கூட்டாஞ்சோற்றுக்குக் கணக்குப் பண்ணியிருந்தேன்.

கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி வடாலாவில் மாற வேண்டும். டிக்கெட் பத்து ரூபாய். வடாலாவில் பன்வேல் வண்டிக்கு நிற்கையில் மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜி.டி.பி. நகர், சுனாபட்டி, குர்லா, திலக் நகர், பிறகு செம்பூர். சுனாபட்டி தாண்டியதும் சாக்கடை வாய்க்கால் ஓரம் பச்சை மண்டிக் கிடந்தது. அதில் வெள்ளைக் கொக்குகள் அசையாமல் மழையில் நின்றன. ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை. வண்டி போகிற சத்தம் அவற்றுக்குக் கேட்காததுபோல் இருந்தது. எனக்குக் கொக்கு பார்க்கப் பிடிக்கும். அன்றைக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஒன்பதரைக்குச் செம்பூர் ஸ்டேஷன். ஆட்டோவுக்கு இருபத்தாறு ரூபாய்தான் ஆகும், கிட்டத்தான். செல்வி இடத்தைச் சொன்னதும் ஆட்டோக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். ஹிந்தியில் கேட்டான், தமிழில் சொன்னால் இப்படி: "அங்கே யாரும் இல்லையே அம்மா. யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?"

"என் தங்கச்சி இருக்கா" என்றேன்.

அவன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினான். உள்ளே தண்ணீர் நிற்கிறது, வண்டி இறங்காது என்றான். தண்ணீர் கணுக்கால்கூட இல்லை.

கட்டடத்தை நான் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதற்குக் கண் இல்லாமல் போனதைப் பார்த்தேன். கதவு, ஜன்னல், கம்பி எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். சுவரில் ஓட்டை ஓட்டையாக இருட்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி. முதல் மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் துணி தொங்கியது. பின்பக்கத்து நாவல் மரம் ஆள் இல்லாத வீடுகளுக்குள் கிளையை நீட்டிக்கொண்டு இருந்தது. மழை மட்டும்தான் சத்தம். செம்பூர் மார்க்கெட்டும் மெயின் ரோடும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன, ஆனால் ஒரு ஹாரன்கூட உள்ளே வரவில்லை.

வாட்ச்மேன் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். உத்தரப்பிரதேசத்துக்காரன். செல்வி அவனிடம் பேச்சுக் கொடுத்தாள். மேலே போய்ப் பார்ப்பதில்லையா என்று கேட்டாள்.

"ஊப்பர்? நா பாபா" என்றான், மேலேயா, வேண்டவே வேண்டாம் என்று காதைத் தொட்டுக்கொண்டான்.

பிறகு பின்சுவர் ஓரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். சேப்பங்கிழங்குச் செடி இடுப்பளவுக்கு வளர்ந்து கிடந்தது. கறுத்த தண்டு, நல்ல ஜாதி, நாக்கு அரிக்காது. அதில் நாலைந்து தண்டு நகத்தால் கிள்ளினமாதிரி ஒடிந்து, பால் இன்னும் காயாமல் நின்றது. தினம் இப்படித்தான் இருக்கிறது என்றான். கேட் தன் கண்ணுக்கு முன்னால், ஒருத்தரும் வருவதில்லை என்றான். சேற்றில் கால் தடம் இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். எங்கள் தடம் மட்டும்தான் இருந்தது.

சொர்ணம் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் பாதிச் சாமான் மூட்டை கட்டியிருந்தது. செல்வி உள்ளே போனதும், "சின்னத்தே, பேய் வீட்டுக்குக் காலிங் பெல் எதுக்கு, கழட்டிருங்க" என்றாள்.

"உன் மாமியாளோட இருக்கவளுக்கு இது பேய் வீடாட்டி?" என்றாள் சொர்ணம். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு படிக்கட்டு வழியே மேலே போய், கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது.

அடுப்படித் திண்டில் அவளுடைய தூக்கு இருந்தது. மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே சேப்பங்கிழங்கு இலை. பெரியது அடியில், சின்னது மேலே, அடுக்கடுக்காக. பின்பக்கத்து நரம்பெல்லாம் கத்தியால் சீவி மட்டமாக்கியிருந்தது. தண்டு நாரால் சுற்றிக் கட்டியிருந்தது.

"நேத்து மத்தியானம் பருப்புச்சோறு வச்சேன். படிக்கட்டு வளைவுல வைப்பேன், அதுக்கு மேல ஏற முட்டு விடாது. விடிஞ்சு பாத்தா இது. தாயி கட்டு இப்படித்தாங்க்கா இருக்கும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். தாயி கட்டிக் கொடுத்த இலையை நானே தாராவிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

"கஞ்சாக் குடிக்கிறவன் எவனாவது மேல கெடப்பான். சோறு கிடைக்குதுன்னு ஏமாத்துதான்" என்றேன்.

"கஞ்சாக் குடிக்கிறவன் நரம்பு சீவுவானா அத்தே?" என்றாள் செல்வி. இவள் யார் பக்கம் என்றே தெரியாது.

பத்தரைக்கு அடுப்பு மூட்டினோம். இனி கொஞ்ச நேரம் சமையலைச் சொல்லுகிறேன், அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாகக் கழுவிப் போட்டேன். செல்வி வெங்காயம் உரித்தாள். சொர்ணம் அம்மியை மூட்டை கட்டவில்லை. கடைசியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று வைத்திருந்தாள். தேங்காய், சீரகம், வத்தல், பூண்டு வைத்து அவள் அரைக்க, நான் முருங்கைக்காயும் மாங்காயும் நறுக்கினேன். மழை ஜன்னலில் அடித்தது. மஞ்சள் போட்டதும் கொதி நிறம் மாறியது. நாவல் மரத்தில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து எங்கள் சட்டியைப் பார்த்தது. அந்த இலையைப் புளி விட்டு வேகவைத்து, பருப்புப் போட்டு மசித்தாள் சொர்ணம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. உப்பு யார் போடுவது என்று சண்டை வந்தது. பழைய சண்டை.

வெங்காய வடகத்தைத் தாளித்துக் கொட்டுகிற நேரம், தலைக்கு மேல் ஏதோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. கட்டாந்தரையில் மரக்கால் உரசுகிற சத்தம். பிறகு இரண்டு அடி நடை. பிறகு ஒன்றும் இல்லை.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

சொர்ணம் மேலே பார்த்து, "எந்திரிச்சாச்சு" என்றாள். நம் வீட்டில் பக்கத்து அறையில் தூங்கி எழுந்தவரைச் சொல்லுகிற மாதிரி. தூக்கை எடுத்துச் சோறு போட ஆரம்பித்தாள்.

இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள் நான். தூக்கை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"வளைவுல வைக்கமாட்டேன். வாசல்லயே போய்க் கொடுக்கேன்."

"வேண்டாம்க்கா. அவ கூச்சப்படுவா."

"படட்டும்."

செல்வி வளைவு வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் நான் தனியாகத்தான் ஏறினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், சுவர் நனைந்திருந்தது. இரண்டாம் மாடியில் கதவு இல்லாத வாசல். வாசலில் அந்தக் காலத்துக் கோலம் ஒட்டின தடம். உள்ளே கூடத்தில் நாவல் மரக் கிளை நுழைந்திருந்தது. அதன் நிழல் தரையில் அசைந்தது. ஜன்னல் இருந்த ஓட்டைக்கு எதிரே ஒரு நாற்காலி. அதில் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தூக்கை மறுகைக்கு மாற்றினேன், பிடி மூடியில் மோதிச் சத்தம் போட்டது. உருவம் திரும்பியது.

தாத்யா. தாயியின் புருஷன், மகன் வீட்டில் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தவர்.

முகம் எலும்பாக இருந்தது. முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. என்னை அடையாளம் தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் பேசியது பம்பாய் ஹிந்தியில். சுருக்கிச் சொல்லுகிறேன்.

அம்பர்நாத்தில் மகன் வீடு பதினோராம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கொசு வரும் என்று திறக்கவிடமாட்டார்கள். தாயி செத்த கட்டிலிலேயே இவர் படுக்க வேண்டும். அம்மா செத்த நாளில் வந்த சண்டை, மகனும் மகளும் பேசிக்கொள்வதில்லை. அதை இவர் தனக்கு வசதியாக்கிக்கொண்டார். மகனிடம் காட்கோபரில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மகளிடம் மகனோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வாட்ச்மேன் அசந்த நேரம் பார்த்து இங்கே வந்து ஏறிவிட்டார். ஏறின பிறகு முட்டு மடங்கவில்லை. கையில் இருந்த பிஸ்கட் தீர்ந்தது. அப்போதுதான் படிக்கட்டு வளைவில் ஒரு தூக்கு இருந்தது.

"வாசத்திலேயே சொர்ணத்துச் சமையல் என்று தெரிந்தது" என்றார். "இருட்டின பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்குவேன், எடுத்துக்கொண்டு ஏறுவேன்."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டால் மகனுக்குச் சொல்லுவாளே. இடிக்கிற வரைக்கும் இங்கே இருக்கலாம் என்றுதான் வந்தேன்."

இடிக்கிற அன்றைக்கு என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.  கிளை அசைந்தது, அவ்வளவுதான்.

செல்வியைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் தாங்கிக் கீழே கொண்டுவந்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். சொர்ணத்தின் வாசலில் நிறுத்தி, "இந்தா உன் தாயி. பேயுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன்.

சொர்ணம் அவரைப் பார்த்துத் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுதாள். சந்தோஷமா, ஏமாற்றமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடியும் தாயியை ஒரு தடவை பறிகொடுத்தமாதிரி இருந்தது அவள் முகம்.

நாலாவது வாழையிலைக்கு ஆள் வந்துவிட்டது. செல்வி அதை விரிக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்குத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தாத்யாவுக்கு மட்டும் ஸ்டூல் போட்டு, இலையை ஒரு பெட்டி மேல் வைத்தோம். கூட்டாஞ்சோற்றில் நெய் ஊற்றினதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். சொர்ணம் இலை மசியலைப் பரிமாறினாள்.

"தாத்யா, இத்தனை நாள் இலை வச்சு அனுப்பினீங்களே. நரம்பு சீவி, நார் கட்டி, தாயி மாதிரியே. எங்க கத்துக்கிட்டீங்க?"

அவர் கை பாதியில் நின்றது.

"எந்த இலை?"

"தூக்குல வச்சு அனுப்புவீங்களே."

"நான் வெறும் ஏனத்தைத்தானே வைப்பேன்" என்றார். "கழுவி வைப்பேன். வெறுமனே வைக்க வெட்கமாகத்தான் இருக்கும். மேலே என்னிடம் என்ன இருக்கிறது போட? அடுப்படிக்குள் நான் போனதே இல்லை சொர்ணம். டீ போடத் தெரியாது எனக்கு."

 செல்வி வாசல் பக்கம் பார்த்தாள். வாட்ச்மேன் படியேற மாட்டான். தாத்யா வளைவுக்குக் கீழே இறங்கியதில்லை. மழை நின்றிருந்தது. நாவல் மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தகரத்தில் விழுந்தது.

"எப்படி அடுக்கியிருந்தது?" என்று கேட்டார் தாத்யா.

"பெருசு அடியில. சின்னது மேல."

அவர் இலையில் இருந்த மசியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல், விரலால் வழித்துச் சாப்பிட்டு முடித்தார். நாங்களும் சாப்பிட்டோம். அதை மிச்சம் வைக்க எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. ருசியைப் பற்றிக் கேட்டால், அந்த ருசியில் நான் இலை மசியல் சாப்பிட்டதில்லை. சொன்னால் சொர்ணத்துக்குத் தலைக்கனம் வரும் என்று சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வந்த சொர்ணம் என் முன்னால் நின்றாள்.

"யக்கா, நான் வாரேன்."

"எங்க?"

"உன் வீட்டுக்குத்தான். இனி ஏனம் மேல போக வேண்டாம். சாப்பிட வேண்டியவரு கீழ வந்தாச்சு. அவ புருஷனுக்குச் சோறு போட்டேன், அதுக்கு அவ ஏனத்தை வெறுமனே விடல. அவ்வளவுதாங்க்கா. என்னைப் பிடிச்சு வச்சிருந்தது அதுக்குத்தான்."

இரண்டு தடவை நான் கத்தி, கெஞ்சி, சாபம் விட்டு நகராதவள், தானாக எழுந்து அம்மியைச் சாக்கில் சுற்றினாள். நான் ஜெயித்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

தாத்யாவின் போனில் அவர் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள் செல்வி. காட்கோபர் பக்கம்தானே, மூன்று மணிக்கு மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அவர் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். அண்ணனுக்கும் அங்கிருந்தே போன் போட்டாள். தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசுகிறாள் என்று தாத்யா என்னிடம் மெல்லச் சொன்னார். மகள் வீடு தரைத்தளமாம். முன்னால் ஒரு முருங்கை மரம் இருக்கிறதாம்.

சாமான் ஏற்ற டெம்போ தாராவி வரைக்கும் ஆயிரத்து இருநூறு கேட்டான். ஆயிரத்துக்கு நிறுத்தினேன். நாலரை மணிக்கு எல்லாம் ஏறிவிட்டது. சொர்ணத்தின் தூக்கும் மூட்டைக்குள் போய்விட்டது.

கீழே இறங்கி நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு வந்த இலையை நாங்கள் சமைத்துத் தின்றுவிட்டோம். அதற்குப் பதிலாக மேலே ஒன்றும் போகவில்லை. தாத்யா சாப்பிட்டது எங்கள் வீட்டில் எங்களோடு. அது வேறு கணக்கு. ஏனம் கீழே வந்தது நிறைந்து. எங்கள் கை வெறுமனே நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் வரக் கூடாது.

என் தூக்குச்சட்டியில் உளுந்தங்களி இன்னும் நாலு உருண்டை இருந்தது. "பாத்ரூம் போய்ட்டு வாரேன்" என்று செல்வியிடம் சொல்லிவிட்டு மறுபடியும் படியேறினேன். முதல் மாடியில் சொர்ணத்தின் வீட்டுக் கதவை அதற்குள் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். வளைவைத் தாண்டி இரண்டாம் மாடிக்குப் போனேன். கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. என் தூக்கை வாசல்படியில் வைத்தேன். மூடியை அழுத்தி மூடினேன். அது இறுக்கமான மூடி, எங்கள் வீட்டில் எனக்கும் செல்விக்கும்தான் திறக்க வரும்.

"தாயி, உளுந்தங்களி" என்றேன். வேறென்ன சொல்லுவது?

இறங்கினேன். வளைவில் ஒரு ஓட்டை ஜன்னல் உண்டு, அதில் கீழே தெரியும். மகளோடு தாத்யா ஆட்டோவில் இருந்தார். வாட்ச்மேனும் டெம்போக்காரனும் கயிறு இறுக்கினார்கள். சொர்ணம் கட்டடத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வி என்னைத் தேடினாள். எல்லோரும் கீழே.

அப்போது மேலே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. என் தூக்கு மூடி திறக்கிற சத்தம். பல வருஷமாக என் கையால் திறக்கிற மூடி, அதன் சத்தம் எனக்குத் தெரியாதா?

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் என்று நினைக்க வேண்டாம். சாப்பிடுகிறவர்களைத் திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை.

வருகிற வழியில் ரயில் ஏறவில்லை. மூன்று பேரும் டெம்போவிலேயே டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். குர்லா தாண்டியதும் கொசுவும் நெரிசலும் ஹாரனும் சேர்ந்து வந்து சூழ்ந்தன. அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு இனித்தது.

எங்கள் சந்து உங்களுக்குத் தெரிந்ததுதான். கையை நீட்டினால் எதிர்வீட்டு அடுப்பு. மரம் கிடையாது, டப்பாவில் வளர்த்த கறிவேப்பிலையும் துளசியும்தான். வந்து இறங்கின அரை மணி நேரத்தில் சொர்ணத்துக்கென்று நாலு வீட்டிலிருந்து ஏனம் வந்துவிட்டது. ஒன்றில் மீன் குழம்பு, ஒன்றில் இடியாப்பம். யார் ஏனம், யார் கொடுத்தது என்று எல்லாம் பளிச்சென்று தெரியும். கொடுத்தவள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். செம்பூரின் மரமும் மீன்கொத்தியும் இங்கே இல்லை, அந்த அமைதியும் இல்லை. இல்லாதது நல்லதுதான் என்று இதுவரைக்கும் சொல்லிவந்தேன்.

செவ்வாய்க்கிழமை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வாட்ச்மேன் போனில் சொன்னான். இரண்டாம் மாடி வாசலில் ஒரு தூக்குச்சட்டி கிடந்ததா, பெயர் வெட்டியது, என்று செல்வியை விட்டுக் கேட்டேன். இடிக்கிறதுக்கு முன்னால் எல்லா வீட்டையும் மேலே போய்ப் பார்த்தார்கள், ஏனம் ஒன்றும் இல்லை என்றான்.

மூன்றாம் நாள் திரும்பாத ஏனத்தைத் தேடிப் போகிறவள் நான் என்று மேலே எழுதியிருக்கிறேன். இதை எங்கே போய்க் கேட்பது? எதிர்வீட்டுக்காரி, "பேச்சியக்கா, ஒங்க தூக்கு எங்க, காணோமே?" என்றாள். கொடுத்திருக்கு என்றேன். வரும் என்று சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை.

காலையில் வாசல் கதவைத் திறந்ததும் நான் முதலில் கீழே படியைப் பார்க்கிறேன். எனக்கு முன்னால் எழுந்துவிட்டால் சொர்ணமும் அதையேதான் பார்க்கிறாள். நாங்கள் ஒருத்திக்கொருத்தி அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.